முட்டைக்கோஸ் பீப்பாயில் விழுந்த நட்சத்திரம்

அத்தியாயம் ஏழு

இயக்குநர் பன்தலேயின் முகம் நான்கு துண்டாக இருந்தது.

நெற்றி இரண்டு துண்டு, மீசை இரண்டு துண்டு. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். மெச்கினோ ஊரின் நுழைவாயிலில், பெட்ரோல் பங்கையும் தாண்டி உயர்ந்து நின்ற விளம்பரப் பலகையிலிருந்து அந்த நான்கு துண்டுகளும் ஒற்றுமையாகச் சிரித்தன. கீழே ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தது: 'நட்சத்திரம் கண்டவர், கண்டுபிடிப்பின் மறுநாள் காலையில்.'

வெலிகா காரின் வேகத்தைக் குறைத்தாள்.

"பாஸ், இந்த ஆளு ஜன்னல் கம்பிக்குப் பின்னால நின்னு போஸ் குடுத்திருக்காரு. பாதி வேலையை அவரே முடிச்சு வெச்சிருக்காரு. நாம பூட்டு மட்டும் வாங்கிட்டுப் போனா போதும்."

பக்கத்து இருக்கையில் இருந்த ஒக்னியான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அவர் வாய் நிறைய ரகியா இருந்தது, பிளம் பழத்தில் காய்ச்சிய நாட்டுச் சாராயம்.

பல்கேரியாவின் ப்லோவ்திவ் நகரத்தில் துப்பறியும் நிபுணர் என்று பெயர்ப்பலகை மாட்டி, பெரும்பாலும் அடுத்தவர் கணவன்மார்களைப் பின்தொடர்ந்து கொண்டிருந்த ஒக்னியானுக்கு, ரோதோப்பி மலைப்பக்கம் வந்த இடத்தில் கடைவாய்ப் பல் வலி கண்டது. மெச்கினோவில் பல் வைத்தியர் ஒருவர்தான், டாக்டர் நெவேனா. அவர் பல்லைத் திறந்தார், குடைந்தார், பாதியில் பஞ்சை வைத்து அடைத்தார், அடைத்துவிட்டுத் தன் வழக்கைச் சொன்னார். வழக்கை முடித்தால்தான் பல்லை முடிப்பேன் என்றும் சொன்னார். இது எந்த வைத்திய தர்மம் என்று வெலிகா கேட்டதற்கு வந்த பதில் இது:

"என் நட்சத்திரம் என்கிட்ட வரட்டும். உங்க பாஸோட பல்லு அவர்கிட்ட வரும்."

அன்று முதல் ஒக்னியான் வலி தெரியாமலிருக்க ரகியாவை வாயில் அடக்கிக்கொண்டுதான் துப்பறிகிறார். பேச வேண்டுமென்றால் விழுங்க வேண்டும். விழுங்குவதற்கு விஷயம் பெரிதாக இருக்க வேண்டும். மற்ற எல்லாப் பேச்சும் வெலிகாவின் பொறுப்பு. சோஃபியா டிராமில் இருபது வருஷம் கண்டக்டராக இருந்தவளுக்கு அது ஒரு சுமையே இல்லை.

வழக்கு இதுதான். மார்ச் மாதம், வானாய்வுக்கூடம் இருக்கும் குன்றில், நெவேனா தன் கையால் செய்த தொலைநோக்கியில் ஒரு தூரத்து விண்மீன் கூட்டத்தைப் படம் பிடித்தார். அதில் முன்பு இல்லாத ஒரு புள்ளி. ஏதோ ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது, அதை உலகத்தில் முதலில் பார்த்த கண் ஒரு பல் வைத்தியரின் கண். ஊர் வானியல் சங்கத்து வழக்கப்படி இம்மாதிரிச் செய்திகள் வானாய்வுக்கூடம் வழியாகத்தான் வெளியே போகும். நெவேனா கேமராவின் மெமரி கார்டைக் கூடத்தின் இயக்குநர் பன்தலேயிடம் கொடுத்தார். படம் போனது. போகிற வழியில் கண்டுபிடித்தவர் பெயர் அவருடையதாக மாறிவிட்டது. கார்டு தொலைந்துவிட்டதாம்.

நெவேனா சங்கக் கூட்டத்தில் எழுந்து இயக்குநரைத் திருடன் என்றார். ஜாடையாக அல்ல, பெயர் சொல்லி.

அதன் விளைவு இன்றைக்கு. இன்று ஊர்த் திருவிழா. மேயர் கிரேமெனா, பன்தலேயின் பெயர் பொறித்த சலவைக்கல்லைத் திறந்து வைக்கிறார். கல்லைத் திறப்பதற்கு முன் நெவேனா மேடையேறி மன்னிப்புக் கேட்க வேண்டும். நிகழ்ச்சி நிரலிலேயே அச்சடித்திருந்தார்கள்: நாட்டுப்புற நடனம், மன்னிப்பு, கல் திறப்பு, வறுத்த ஆட்டுக்குட்டி. கேட்காவிட்டால் சங்கத்திலிருந்து நீக்கம், குன்றிலிருந்து தொலைநோக்கி வெளியேற்றம். விளக்கு வெளிச்சம் படாத இருட்டு அந்தச் சுற்று வட்டாரத்தில் அந்தக் குன்றில் மட்டும்தான் மிச்சமிருந்தது. அதை எடுத்துவிட்டால் நெவேனாவுக்கு வானமே இல்லை.

"மேடை ஏறுவீங்களா டாக்டர்?" என்று வெலிகா கேட்டிருந்தாள்.

"ஏறுவேன். வாயைத் திறப்பேன். உள்ளேயிருந்து என்ன வரும்னு எனக்கே தெரியாது."

*

குன்றின் மேல், வேலியோரமாக, நெவேனாவின் தொலைநோக்கி படுத்திருந்தது. இரண்டு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்களின் அடியை வெட்டி ஒன்றோடொன்று இணைத்த குழாய். குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறப்போட எல்லார் வீட்டிலும் இருக்குமே, அதே பீப்பாய். வெலிகா குனிந்து மோந்து பார்த்தாள். இரண்டு வருஷமாக நட்சத்திர வெளிச்சம் ஊறியும் புளித்த வாடை போகவில்லை.

"வெளிச்சத்துக்கு மூக்கு கிடையாது" என்றார் நெவேனா, கேட்காத கேள்விக்குப் பதிலாக.

அடக்கம் என்பது அவரிடம் இல்லாத பல பொருட்களில் ஒன்று. அடியில் கிடந்த பெரிய குழிக்கண்ணாடியைத் தானே தேய்த்தது என்றார். இதைவிட நல்ல கண்ணாடி பல்கேரியாவில் கிடையாது என்றார். ருமேனியாவிலும் கிடையாது, கிரேக்கர்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்றார். பிறகு குழாயின் வாயைக் காட்டினார்.

அங்கேதான் வழக்கு இருந்தது. பெரிய கண்ணாடி அடியிலிருந்து வாரி அனுப்பும் வெளிச்சத்தை, குழாயின் வாயில் நிற்கும் ஒரு சின்னச் சாய்வுக் கண்ணாடி பக்கவாட்டில் திருப்பிக் கண்ணுக்குத் தருகிறது. அந்தச் சின்னக் கண்ணாடி அந்தரத்தில் நிற்காது. சுற்றிலுமிருந்து மெல்லிய தகடுகள் அதைத் தாங்க வேண்டும். தொலைநோக்கிக்காரர்கள் அந்த அமைப்புக்குச் சிலந்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். நெவேனாவின் சிலந்திக்கு மூன்று கால்கள். இரும்பறுக்கும் ரம்பத்தின் தகடுகளைப் பல் மழித்துச் செய்தவை.

"சிலந்தி சும்மா நிக்காது" என்றார். "வர்ற வெளிச்சம் அதோட கால்ல இடிச்சுச் சிதறும். அதனாலதான் படத்துல நட்சத்திரத்துக்குக் கதிர் முளைக்குது. வானத்துல இருக்குற நட்சத்திரத்துக்குக் கதிரே கிடையாது. அத்தனையும் நம்ம சிலந்தியோட கைவேலை. கால் தடிச்சா படம் மங்கும். கால் ஆடுனா படம் ஆடும்."

கதிர் விழாமல் செய்ய வழி இல்லையா என்று வெலிகா கேட்டாள். உண்டு, காலை வில்லாக வளைத்தால் கதிர் காணாமல் போகும் என்றார் நெவேனா.

"ஆனா சிதறுன வெளிச்சம் எங்க போகும்? படம் பூரா மெலிசாப் பூசிக்கும். ஒருத்தருக்கும் தெரியாது, அவ்வளவுதான். நான் செய்யற தப்பு எனக்கு நேரா நிக்கணும். பூசி மெழுகுறது இயக்குநரோட வேலை."

பிறகு வழக்கின் முடிச்சைத் தானே அவிழ்த்து வைத்தார். திருடிய படம் கூடத்தின் வரவேற்பறையில் பெரிதாகத் தொங்குகிறது. அதன் ஓரத்தில் ஒரு பிரகாசமான நட்சத்திரம். அதற்கு ஆறு கதிர். கூடத்துப் பெரிய தொலைநோக்கியின் சிலந்திக்கு நான்கு கால், அது நான்கு கதிர்தான் போடும்; அவரே எண்ணிப் பார்த்திருக்கிறார். ஆறு கதிர் போடுவது இந்த முட்டைக்கோஸ் பீப்பாய் மட்டும்தான்.

வெலிகா விரலை மடக்கினாள். "டாக்டர், உங்க சிலந்திக்கு மூணு காலுதானே? ஆறு எங்கேருந்து வந்துச்சு?"

"படகு தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போனா அலை ஒரு பக்கமா போகும்? ரெண்டு பக்கமும்தானே. ஒரு காலுக்கு ரெண்டு கதிர், எதிரும் புதிருமா. மூணு காலுக்கு ஆறு."

"அப்போ நாலு காலுக்கு எட்டு வரணுமே."

"வருது. ஆனா நாலு கால்ல எதிரெதிர் கால் ரெண்டும் ஒரே கோட்டுல நிக்குதா, அதோட கதிருங்க ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துடுது. கண்ணுக்கு நாலுதான். போய் எண்ணிட்டு வாங்க. கேஸ் முடிஞ்சுது."

ஒக்னியான் கையை நீட்டி, பீப்பாய்க்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியிலிருந்து எதையோ எடுத்தார். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் வெள்ளிக் கண்ணாடிப் பந்து. புருவத்தை உயர்த்தினார். அது பகல் நட்சத்திரம் என்றார் நெவேனா. எதிர்ச் சரிவில் தொங்கவிட்டால் வெயில் அதில் ஒரு புள்ளியாக மினுக்கும், கண்ணாடிகளைச் சீர்படுத்த ராத்திரிவரை காத்திருக்க வேண்டாம்.

ஒக்னியான் பந்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

*

வானாய்வுக்கூடத்தின் இயக்குநர் அறைக் கதவில் பன்தலேயின் பட்டங்கள் பித்தளையில் மின்னின. இடம் போதாமல் கைப்பிடியை ஒரு சாண் கீழே இறக்கியிருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் குனிந்துதான் போனார்கள். டாக்டர் பட்டம் வாங்கியது பால்பண்ணை நிர்வாகத்தில் என்பதை வெலிகா முன்பே விசாரித்து வைத்திருந்தாள்.

"பாலாத்தான் ஆரம்பிச்சிருக்காரு பாஸ். பால்வீதி வரைக்கும் பொங்கிட்டாரு."

பன்தலே மார்பின் குறுக்கே பதவிச் சின்னமாக ஒரு பட்டைத் துணி அணிந்து வந்தார். விழாவுக்கா என்று கேட்டதற்கு, எப்போதும் அணிவதுதான் என்றார். நெவேனாவின் ஆட்கள் என்று தெரிந்தும் முகம் கோணவில்லை. தொலைநோக்கியைப் பார்க்கலாமா என்று கேட்டதும் அவரே முன்னால் நடந்தார்.

அந்தத் தாராளம் வெலிகாவுக்குப் பிடிக்கவில்லை. டிக்கெட் எடுக்காதவன்தான் கண்டக்டரைப் பார்த்து முதலில் வணக்கம் சொல்வான்.

வரவேற்பறைச் சுவரில் வெடித்த நட்சத்திரத்தின் படம் மட்டும் தொங்கியது. ஓரத்து நட்சத்திரத்துக்கு ஆறு கதிர், சந்தேகமே இல்லை. அதைச் சுற்றிலும் சுவரில் வெளிறிய சதுரங்கள். பழைய படங்களெல்லாம் எங்கே என்று கேட்டாள். வெள்ளையடிக்கக் கழற்றியதாகச் சொன்னார். சுவரில் வெள்ளை எதுவும் அடித்திருக்கவில்லை.

கோபுரத்தினுள் ஏணி வைத்துக் கொடுத்தார். வெலிகா ஏறினாள். குழாயின் வாயில் எட்டிப் பார்த்தாள். ஒருமுறை எண்ணினாள். இறங்கி, ஏறி, இன்னொருமுறை எண்ணினாள்.

ஆறு கால்கள்.

தடித்த பித்தளைக் கால்கள், ஒவ்வொன்றிலும் திராட்சைக் கொடி வேலைப்பாடு. மாதா கோவில் சரவிளக்கின் சட்டம் மாதிரி ஜொலித்தன.

"ஆறு" என்றார் பன்தலே கீழேயிருந்து, பரிவோடு. "படத்தில் ஆறு கதிர். இதில் ஆறு கால். டாக்டரம்மாவின் பீப்பாயில் மூன்று. நான் வேறு என்ன சொல்ல வேண்டும்?"

புதுசு மாதிரி பளபளக்கிறதே என்றாள் வெலிகா. தினமும் துடைப்பதாகச் சொன்னார். சங்கத்துக்காரர்களைக் கேட்டுப் பயனில்லை என்பது அவளுக்குத் தெரியும், காலையில் கேட்டாகிவிட்டது. அவர்களை அவர் இந்த ஏணியில் ஏற்றியதே இல்லை. நெவேனாவும் அவருக்குத் தெரியாமல் ஏறித்தான் எண்ணியிருக்கிறார். மற்றவர்களுடைய நினைவில் கால்களின் எண்ணிக்கை ரகியாவின் அளவைப் பொறுத்து நான்கிலிருந்து ஏழுவரை போனது. ஒன்றை மட்டும் எல்லாரும் சொன்னார்கள்: வசந்தம் முடிந்ததிலிருந்து பெரிய தொலைநோக்கியில் சனிக்கோள் மோரில் விழுந்த மாதிரித் தெரிகிறது.

வெளியே வரும்போது பன்தலே தன் உருவப்படத்தின் பிரதி ஒன்றை ஒக்னியானுக்குப் பரிசளிக்க வந்தார். நான்கு துண்டு முகம். இது சாதாரணப் புகைப்படம் அல்ல என்று விளக்கினார். நட்சத்திரத்தைப் பிடித்த அதே பெரிய கண்ணாடியில், மறுநாள் காலையிலேயே, தன் முகத்தைப் பிடித்தது. யோசனை முழுக்கத் தன்னுடையது. புகைப்படக்காரர் பொத்தானை அமுக்கியதோடு சரி.

ஒக்னியான் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, வாயில் இருந்ததை விழுங்கினார்.

வெலிகாவின் முதுகு நிமிர்ந்தது. பாஸ் விழுங்கினால் யாரோ மாட்டினார்கள் என்று அர்த்தம்.

"நல்லா விழுந்திருக்கீங்க" என்றார் ஒக்னியான். அவ்வளவுதான். படியில் இறங்கும்போது கண்ணாடிப் பந்தை எடுத்து வெலிகாவின் கையில் வைத்தார். "எதிர்ச் சரிவுல ஒரு பிளம் மரம் இருக்கு. கட்டிட்டு வா."

"பாஸ், அந்தாளு ஆறு கால் காட்டிட்டாரு. நாம ஜூலை மாசத்துல கிறிஸ்துமஸ் கொண்டாடப் போறோமா?"

அவர் அதற்குள் புட்டியைத் திறந்துவிட்டிருந்தார்.

*

நாட்டுப்புற நடனம் முடிந்தது. அடுத்தது மன்னிப்பு.

கூடத்துக்கு முன்னால் புல்வெளியில் மேடை. மேடையின் பின்திரை முழுவதும் அதே உருவப்படம், கொட்டகை அளவுக்கு, எழுத்தும் அதற்கேற்ற அளவில். சலவைக்கல் பட்டுத்துணி போர்த்திக்கொண்டு காத்திருந்தது. வறுபடும் ஆட்டின் புகை மேயர் கிரேமெனாவின் முகத்துக்கே போய்க்கொண்டிருந்ததால் அவர் கண்கலங்கி, உணர்ச்சிவசப்பட்டவர் மாதிரி இருந்தார்.

நெவேனா ஏறினார். வைத்தியசாலை வெள்ளைக் கோட்டோடு வந்திருந்தார். அவர் வாயைத் திறக்கும் முன் பன்தலே ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். மன்னிப்பு எதற்காக என்பது பொதுமக்களுக்குப் புரிய வேண்டுமல்லவா.

"பெருமக்களே. இது எளிய கணக்கு. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் விளங்கும். நட்சத்திரத்தின் கதிர்கள் சிலந்தியின் கால்களால் உண்டாகின்றன. படத்தில் கதிர்கள் ஆறு. எமது தொலைநோக்கியின் கால்கள் ஆறு. டாக்டரம்மாவின் முட்டைக்கோஸ் பாத்திரத்தில் கால்கள் மூன்று. மூன்று கால் மூன்று கதிரையே தரும். ஆகவே அந்தப் படம் பீப்பாயில் எடுக்கப்பட்டிருக்கவே முடியாது."

கைதட்டினார்கள். கணக்கு புரிந்துவிட்ட சந்தோஷத்தில் பலமாகவே தட்டினார்கள்.

நெவேனா ஒலிபெருக்கி இல்லாமலே பேசினார். தேவையும் இருக்கவில்லை.

"மன்னிப்பு வேணும்னா பீப்பாய்க்கிட்ட வந்து வாங்கிக்குங்க. மேயரம்மா, பத்து அடி நடந்து வந்து ஒரு கண்ணை வைங்க. மூணு கதிர் தெரிஞ்சா நானே இந்தப் பீப்பாயைக் குன்றிலேருந்து உருட்டி விட்டுர்றேன். ஆத்துல போய் விழட்டும்."

"பகலிலா?" என்று பன்தலே சிரித்தார். "நட்சத்திரமா?"

வெலிகா எதிர்ச் சரிவைக் காட்டினாள். ஆட்டுப்பட்டிக்கு மேலே, பிளம் மரத்தில், ஒரு வெள்ளிப் புள்ளி வெயிலில் பொறி விட்டது. பந்தைக் கட்டும்போது அவளை ஓர் ஆடு முட்டியிருந்தது. அதற்கும் சேர்த்து அவள் பன்தலேயைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மேயர் தொப்பியைக் கழற்றிவிட்டு பீப்பாயின் மேல் குனிந்தார். நெவேனா குழாயை அந்த வெள்ளிப் புள்ளிக்குத் திருப்பி, தெளிவு வரும்வரை திருகினார். மேயர் வாய்விட்டு எண்ணினார். மூன்றில் நிறுத்தவில்லை. ஆறுவரை போனார். மூக்கைச் சுளித்துக்கொண்டே இன்னொருமுறை எண்ணினார். மறுபடியும் ஆறு.

அதற்கப்புறம் ஊரே வரிசையில் நின்றது. பாதிரியார் பார்த்தார். நடனக்காரர்கள் பார்த்தார்கள். ரகியா காய்ச்சும் செப்பு அண்டா செய்கிறவர் இரண்டாம் தடவையும் வரிசையில் நின்று பார்த்தார். ஆறு, ஆறு, ஆறு. பன்தலேயின் ஒன்றாம் வகுப்புக் கணக்கு பெயிலாகிவிட்டது.

ஆனால் மனிதர் இரண்டு தேர்தல்களையும் மூன்று அமைச்சர்களையும் தாண்டி வந்தவர். பட்டைத் துணியைச் சரிசெய்துகொண்டார்.

"நன்று. பீப்பாயும் ஆறு கதிர் தருகிறது. எமது தொலைநோக்கியும் ஆறு தருகிறது. இருவருக்கும் சமம். சமமாக இருக்கும் வழக்கில், மேயரம்மா, ஓர் இயக்குநரின் சொல்லா, ஒரு பல் வைத்தியரின் சொல்லா? இதைத் தீர்மானிக்க இருவர் அணிந்திருப்பதைப் பார்த்தாலே போதும்."

மேயர் யோசித்தார். இடவலமாகத் தலையாட்டினார். பல்கேரியாவில் இடவலம்தான் ஆமாம். ஆறு கதிரை ஊருக்கே காட்டியும் சமத்தில் வந்து நிற்கிறது. பட்டைத் துணிக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் போட்டி வைத்தால் முடிவு ஊரறிந்தது.

நெவேனா மேடைக்குத் திரும்பி ஏறினார். "கேக்க மாட்டேன்" என்றார் மேயரிடம். "பீப்பாயைத் தூக்குங்க. என்னையும் தூக்குங்க. நான் செத்தா என் கல்லுல கூட மன்னிப்புன்னு எழுதக் கூடாது."

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். மடக்.

ஒக்னியான் விழுங்கிவிட்டிருந்தார்.

"இயக்குநர் ஐயா" என்றார், வீங்கிய கன்னத்தோடு, ரொம்ப மரியாதையாக. "ஒரே ஒரு சந்தேகம். உங்க தொலைநோக்கிக்கு இந்த ஆறு கால் எப்போலேருந்து இருக்கு?"

"நிறுவிய நாள் முதல்."

"நடுவுல எதுவும் மாத்துனீங்களா? படம் எடுத்ததுக்கு முன்னாடி, பின்னாடி?"

"ஒரு திருகுகூட மாற்றியதில்லை." ஒலிபெருக்கியில் அது குன்று முழுக்கக் கேட்டது. எதிர்ச் சரிவில் ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

"உங்களுக்குப் பின்னால தொங்குதே, அந்தப் படம். அது உங்க பெரிய கண்ணாடியில விழுந்த முகம்தானே? நீங்களே சொன்னீங்க."

"ஆம். கண்டுபிடிப்பின் மறுநாள் காலையில். எழுதியே இருக்கிறதே."

"எழுதியிருக்கு. அதான் கேட்டேன்." ஒக்னியான் மேயரின் பக்கம் திரும்பினார். "அம்மா, குழாயோட வாய் வழியா எட்டிப் பார்த்தாத்தான் அடியில இருக்குற கண்ணாடி தெரியும். வாயில சிலந்தி நிக்குது. சிலந்தியைத் தாண்டித்தான் அவரு முகம் படத்துல விழணும். இன்னைக்குக் காலையில ஊருக்குள்ள வரும்போது என் உதவியாளர் இந்தப் படத்தை ஜன்னல் கம்பின்னு சொல்லிச்சு. அது ஜன்னல் இல்லை. கொஞ்சம் எண்ணுங்க."

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கொட்டகை அளவு முகம். நெற்றியைப் பிளந்து ஒரு கறுப்புக் கோடு மேலே போனது. மீசையைப் பிளந்து ஒன்று கீழே வந்தது. காதுக்கு ஒன்றாக இடமும் வலமும் இரண்டு. மூக்கின் இடத்தில், சின்னக் கண்ணாடியின் முதுகு, கறுப்பு வட்டமாக. நான்கு கால்கள். அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. ஊர் எல்லையிலும், பேருந்து நிலையத்திலும், இன்றைக்கு விற்ற எலுமிச்சைச் சாற்றுப் புட்டிகளிலும் நான்கே கால்கள். நான்கு மாதமாக ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்ததால் காலை யாரும் பார்க்கவில்லை.

வெலிகா தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். காலையில் அவள்தான் முதலில் கண்டுபிடித்தவள். பூட்டு வாங்கலாம் என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டாள்.

"மார்ச்சுல நாலு கால்" என்றார் ஒக்னியான். "நாலு கால் நாலு கதிர். சுவர்ல தொங்குறதுல ஆறு. அது உங்க தொலைநோக்கி எடுத்த படம் இல்லை, ஐயா. எடுத்தது பீப்பாய். அப்புறமா நீங்க கதிரை எண்ணுனீங்க. ஆறு கதிருக்கு ஆறு கால்னு நினைச்சு ஆறு காலை மாட்டுனீங்க. நாலு கதிர் தெரியுற பழைய படங்களைச் சுவர்லேருந்து கழட்டிட்டீங்க."

கூட்டத்தின் நடுவிலிருந்து அண்டாக்காரர் கையைத் தூக்கினார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

"ஐயா, அந்த ஆறு பித்தளையும் சரவிளக்குக்குன்னு சொல்லித்தானே செய்யச் சொன்னீங்க. திராட்சைக் கொடியெல்லாம் செதுக்குனேனே. அதைக் கொண்டுபோய் இருட்டுக் குழாய்க்குள்ள வெச்சிருக்கீங்க."

பன்தலே எதையோ சொல்ல ஒலிபெருக்கியைத் தூக்கினார். அது கீச்சிட்டது. அவருக்காக அது பேசியதே போதும் என்று நினைத்தாரோ என்னவோ, கீழே வைத்துவிட்டார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் நெவேனா. இப்போது அவர் குரலில் வைத்தியரின் பரிவு வந்திருந்தது. அதைக் கேட்டுத்தான் பலருக்கும் பயம் வந்தது. "இத்தனை தடியான ஆறு காலை வாயில நட்டா, வர்ற வெளிச்சத்துல பாதி கால்லயே சிதறிடும். சனி மோர்ல விழுந்த மாதிரி தெரியுதுன்னு ஊரே சொல்லுதே, அது இதனாலதான். என் நட்சத்திரத்தைத் தக்க வெச்சுக்க உங்க தொலைநோக்கியோட கண்ணையே குத்திட்டீங்க."

மேயர் கிரேமெனா சலவைக்கல்லைப் பார்த்தார். பட்டுத்துணியைப் பார்த்தார். துணியை எடுக்காமலே கல்லைத் திருப்பி வைக்க முடியுமா என்று பாதிரியாரைக் காதோடு கேட்டார். முடியாது, கனம் அதிகம். சரி, நடந்தது நடந்தது, நேரே ஆட்டுக்குட்டிக்குப் போய்விடலாம் என்று அறிவித்தார். சிலர் எழுந்துகூட விட்டார்கள்.

நெவேனா மட்டும் மேடையை விட்டு இறங்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, மேடைக்கு நடுவில், நான்கு துண்டு முகத்துக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"மேயரம்மா, நிகழ்ச்சி நிரல்ல நடனத்துக்கும் கல்லுக்கும் நடுவுல மன்னிப்புன்னு அச்சடிச்சிருக்கீங்க. அது இன்னும் நடக்கலை. யாராவது கேட்டாகணும். நான் இன்னைக்கு வைத்தியசாலையை மூடிட்டுத்தான் வந்திருக்கேன். காத்துக்கிட்டிருக்கேன்."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஆடு ஒரு பக்கம் கருகத் தொடங்கியது. யாரும் அதைத் திருப்பிப் போடப் போகவில்லை.

பன்தலே மெல்ல ஒலிபெருக்கியின் பக்கம் வந்தார். வானியல் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தார். பெருமக்களே என்றார். அறிவியலின் பாதையில் சில வேளைகளில் நிர்வாகக் காரணங்களால் நேரும் பெயர்ச் சறுக்கல்களைக் குறித்து, இந்நிறுவனத்தின் சார்பிலும், தாம் வகிக்கும் பொறுப்புகளின் சார்பிலும், முனைவர், இயக்குநர், கௌரவத் தலைவர் என்ற முறைகளிலும் தமது ஆழ்ந்த...

"காதுல விழலை" என்றார் நெவேனா. "பட்டமெல்லாம் கழட்டி வெச்சிட்டு இன்னொரு தடவை."

பன்தலே ஒலிபெருக்கியை விட்டு ஓரடி விலகினார்.

"நான் திருடிட்டேன்" என்றார் பன்தலே. மார்பிலிருந்த பட்டைத் துணி சரிந்து தொங்கியது. "அது உங்க நட்சத்திரம். மன்னிச்சுக்கோங்க."

நெவேனா எழுந்தார். அதை ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று சொல்லவில்லை. மேடையிலிருந்து இறங்கி நேரே ஒக்னியானிடம் வந்து, நடுப் புல்வெளியில், அவர் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார்.

"வாங்க, முடிச்சிடலாம். இந்தத் தடவை மயக்க ஊசி போடறேன்."

"போன தடவை போடலையா டாக்டர்?" என்று வெலிகா கேட்டாள்.

"போன தடவை அவரு இன்னும் எதையும் கண்டுபிடிக்கலையே."

குன்றிலிருந்து இறங்கும் பாதையில் வெலிகா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மேடையில் தனியாக நின்ற பன்தலே கையைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கும்போது பல்லை ரொம்பக் கடித்துவிட்டார் போலிருக்கிறது.

"பாஸ்" என்றாள், "மெச்கினோவுல பல் வைத்தியர் ஒருத்தர்தானே?"

ஒக்னியான் தலையை இடவலமாக ஆட்டினார். சிரித்தால் வலிக்கும் என்பதால் சிரிக்கவில்லை.